நீ இன்னும் வாசிக்காத மூன்றாம் பக்கம்

அன்புள்ள நட்டுவுக்கு,

இங்கே நானும் சித்தப்பாவும் நலம், என் இடுப்பு வலியையும் நலத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால். அம்மாவுக்கு மாற்றலான ஊரில் நீயும் அம்மாவும் நலம் என்று அம்மா அனுப்பும் செய்திகளிலிருந்து தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன் அடித்தால் நீ குளிக்கிறாய், கொஞ்ச நேரம் கழித்து அடித்தால் தூங்குகிறாய், மறுநாள் அடித்தால் மறுபடியும் குளிக்கிறாய். இவ்வளவு சுத்தமான பிள்ளை நம் வம்சத்திலேயே கிடையாது. அதனால் பேனாவை எடுத்தேன். கையால் எழுதி எத்தனையோ வருஷமாகிறது, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், புரியாத இடத்தில் அம்மாவைக் கேள். அடித்தல் திருத்தல் நிறைய வரும். அடித்ததை எல்லாம் நீக்கி வேறு தாளில் அழகாக எழுத எனக்குப் பொறுமை இல்லை, அப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

போனதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. அம்மா போனை ஸ்டூலில் வைத்தாள், ஆண்டு விழாவுக்கு வாசிக்கப்போகிற பாட்டை நீ கீபோர்டில் வாசித்தாய், இரண்டாம் பக்கத்தில் இடது கை தாவுகிற இடத்தில் விரல் தப்பியது, நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாய். மறுபடியும் அதே இடம், மறுபடியும் முதலிலிருந்து. பாட்டின் ஆரம்பம் எனக்கும் மனப்பாடம், சித்தப்பா பல் தேய்க்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுக்கிறார். கடைசியில் நான் உச்சுக் கொட்டினேன், எத்தனை தடவை இதையே கேக்கறது, அடுத்ததுக்குப் போயேன் என்றேன். அந்தப் பக்கம் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் குளிக்கப் போனவள்தான் நீ. விழாவில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறதாம், கணக்கு நோட்டில் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறதாம், அம்மா சொன்னாள். மாதக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் பெயரை எடுத்துவிடுவேன் என்று உன் பாட்டு டீச்சர் சொல்லியிருக்கிறார். அவ வேண்டாம்னா விட்டுடலாம், வயித்தப் பிடிச்சிக்கிட்டு போற பிள்ளையப் பாக்க முடியல என்கிறாள் அம்மா. இன்னிக்கு இதை விட்டா நாளைக்கு ஒவ்வொண்ணா எல்லாத்தையும் விடுவா என்றேன் நான். உன்னால் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிடாதே, சண்டை போடுவதில் எங்களுக்கு நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நல்ல பயிற்சி உண்டு.

இனி வீட்டுச் செய்தி. மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து உன் அறையின் கூரையில் பெரிய ஈரத்திட்டு விழுந்திருக்கிறது, பார்ப்பதற்கு ஒட்டகம் மாதிரி இருக்கிறது, சித்தப்பா இல்லை அது வாத்து என்கிறார், நீ வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாடி வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், எங்க வீட்டுத் தண்ணியா அது, எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க என்கிறார். மேலேயிருந்து கீழே வர்ற தண்ணி உங்க வீட்டுதுதான், எங்க வீட்டுத் தண்ணிக்கு ஏறத் தெரியாது என்றேன். மறுநாளே பிளம்பர் வந்தார். சித்தப்பா கார் ஓட்டும் தேர்வில் இரண்டாவது தடவையும் தோற்றார். பின்னால் எடுத்து நிறுத்தும்போது கம்பத்தில் லேசாகத் தட்டிவிட்டாராம், உடனே வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கம்பத்தைத் தடவிப் பார்த்தாராம். கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல, நீங்க ஏறுங்க என்று அதிகாரி சொன்னாராம். சித்தப்பா உன்னை விசாரித்தார். உன் மீன் தொட்டியில் மீன்கள் எல்லாம் இருக்கின்றன, சித்தப்பா தீனி போடுவதால் கொஞ்சம் பருத்திருக்கின்றன.

கூரை சொட்டியதால் உன் அறைப் பரணில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கினோம். கீபோர்டை உறையில் போட்டு எடுத்துப்போனீர்களே, அது வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியும் அங்கேதான் இருந்தது, நனைந்துவிட்டதே என்று அதைக் கிழித்துப் போடப் பார்த்தேன். உள் மடிப்பில் ஒரு தாள் செருகியிருந்தது. உன் பாட்டின் மூன்றாம் பக்கம், கடைசிப் பக்கம். இங்கே உனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் பென்சிலால் விரல் எண் எல்லாம் போட்டிருக்கிறார். மடிப்பில் இருந்ததால் ஒரு சொட்டு ஈரம்கூடப் படவில்லை. ஒரு மூலை மடங்கவில்லை, ஒரு அழித்தல் இல்லை, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் கிளம்புவதற்கு முன் உன் முதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அது டீக்கடைப் பேப்பர் மாதிரி நைந்து கிடக்கும். ஆக, நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து இரண்டு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழகுகிறாய். மூன்றாம் பக்கம் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது, புது டீச்சருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிய வழியே இல்லை, நாங்கள் யாரும் அந்தப் பாட்டை இரண்டாம் பக்கத்துக்கு அப்பால் கேட்டதே இல்லை. சித்தப்பாவிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்போ இந்தப் பாட்டு முடியுமா என்றார்.

அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, உன் பள்ளியில் பிள்ளைகளோடு பேசும் டாக்டரம்மாவின் எண்ணை வாங்கினேன். நீ அவரிடம் போய் உட்கார்ந்து வந்ததை அம்மா முன்பே சொல்லியிருந்தாள், பிள்ளைகள் தப்பு செய்தால் மூளையில் ஒரு மணி அடிக்கும் என்று அவர் சொன்னாராம், எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அதனால் நேராகவே கேட்டேன், மணின்னா என்ன மணி, அதை எதை வச்சு அளந்தீங்க, அளவு என்ன என்று. அவர் கோபப்படவில்லை. தலையில் ஒயர் வைத்த குல்லாய் மாட்டி, வேகமாகப் பொத்தான் அழுத்துகிற விளையாட்டு ஒன்றைக் கொடுத்து ஆராய்ச்சிக்காரர்கள் அளந்திருக்கிறார்களாம். விரல் தப்பான பொத்தானில் பட்டதும், பத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது, மூளையிலிருந்து ஒரு துடிப்பு வருமாம். ஐயோ தப்பு என்று நாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வதற்கு முன்னாலேயே அது வந்துவிடுமாம். எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும், அதிகமாகப் பயப்படுகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது கொஞ்சம் பெரிதாக வருமாம். உங்க மகளுக்கு அளந்து பார்க்கல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா பார்த்தா அப்படித்தான் தெரியுது என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது, அளக்காததை அளந்ததாகச் சொல்லவில்லை. சுற்றி இருக்கும் பெரியவர்கள் கடுமையாக இருந்தால் அந்தத் துடிப்பு வளரக்கூடும் என்றும் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். வீட்டில யாராவது தப்புன்னதும் உச்சுக் கொட்டுவாங்களா என்று கேட்டார். ஒருத்தர் உண்டு, அவர்தான் பேசுறார் என்றேன். நல்லது, திருத்த வேண்டிய ஆளே லைன்ல இருக்கீங்க என்றார். உச்சுக் கொட்டுவதை நிறுத்தியிருக்கிறேன். சித்தப்பாமேல் பழகிப் பார்க்கிறேன், அவர் ஒரு நாளைக்குப் போதுமான வாய்ப்புகள் தருகிறார், இன்று காலை என் துண்டால் மீன் தொட்டியைத் துடைத்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் டாக்டரம்மா சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது மறுநாள் வேலையிடத்தில்தான். விமானத்துக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தேன். வேலைத் தாளில் வரிசை இருக்கும், சக்கரத்தை அச்சில் ஏற்று, வாஷரைப் போடு, நட்டைப் போடு, முதல் இறுக்கம் கொடு, தளர்த்து, மறுபடி அளவு பார்த்து இறுக்கு, பூட்டு. நான் முதல் இறுக்கம் கொடுத்த நேரத்தில் அலுவலக அறையிலிருந்து ஆள் வந்து, உங்க வீட்டிலிருந்து போன் என்றான். அம்மாதான், டீச்சரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள், நானும் ஏதோ சொன்னேன். திரும்பி வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் திடுக்கென்றது. என்ன தப்பு என்று தெரியவில்லை, ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது. மணி என்று அந்த அம்மா சொன்னது இதைத்தானே என்று நினைத்தேன். எல்லாத்தையும் கழற்றிப்போட்டு முதலிலிருந்து மாட்டுவோம், அப்போதுதான் நிம்மதி என்று சக்கரத்தையே இறக்கப் போனேன். எங்கள் இன்ஸ்பெக்டரம்மா, என் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர், என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம், என்னப்பா, பிளேனையே புதுசா கட்டப்போறியா என்றார். ஏதோ விட்டுட்டேன் போலிருக்கு என்றேன். விட்டிருந்தா மூணு படி பின்னாடி போ, அதுதானே நம்ம வழக்கம், முழுசும் கழட்டினா கழட்டுறதுலயே இன்னும் நாலு தப்பு வரும் என்றார்.

எங்கள் விமானக் கொட்டகையில் இது வழக்கம், நட்டு. நடுவில் யாராவது கூப்பிட்டாலோ, கை தடுமாறினாலோ, விட்ட இடத்திலிருந்து குருட்டாம்போக்கில் தொடரக்கூடாது, முதலுக்கும் ஓடக்கூடாது. மூன்று படி பின்னால் போய் அங்கிருந்து வர வேண்டும். போனேன். இறுக்கத்தைத் தளர்த்தினேன், நட்டைக் கழற்றினேன், மூன்றாவது படியில் வாஷர் இருக்க வேண்டிய இடம் காலி. அது தட்டில் துணிக்கு அடியில் சொகுசாகப் படுத்திருந்தது. எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை, சரி போடு என்றார், போட்டேன், விட்டதையும் திருத்தியதையும் வேலைத் தாளில் எழுதினேன், பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வேலையில் தப்பு செய்தவனை யாரும் கடித்துத் தின்ன மாட்டார்கள். தப்பை ஒளித்தவனைத்தான் வேலையை விட்டே அனுப்புவார்கள், ஏனென்றால் ஒளித்த தப்போடு விமானம் மேலே போகும்.

டீ குடிக்கும்போது உன் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் முழு விமானத்தையும் கழற்றுகிறாய். அதனால் என்ன ஆகிறது, நன்றாக வருகிற முதல் பக்கம் இன்னும் நன்றாக வருகிறது, வராத இடத்துக்கு நீ களைத்துப்போய் வந்து சேர்கிறாய், அதற்கு அப்பால் இருப்பது பழகப்படவே இல்லை. அடுத்த தடவை விரல் தப்பினால் மூன்று கட்டம் மட்டும் பின்னால் போ. டீச்சர் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தானே வைத்திருக்கிறார். அங்கிருந்து வா, மறுபடி தப்பினால் மறுபடி மூன்று கட்டம். மேடையில் அதுவும் வேண்டாம், தப்பினால் தப்பியபடியே அடுத்த கட்டத்துக்குப் போய்விடு, உட்கார்ந்து கேட்பவர்களிடம் பாட்டுத் தாள் கிடையாது.

அந்த மணி இருக்கிறதே, அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம், அது அடிப்பதால்தான் நீ எதையும் கவனமாகச் செய்கிறாய். அன்றைக்கு எனக்கு அது அடித்திராவிட்டால் வாஷர் இல்லாமலே மேற்கொண்டு இறுக்கியிருப்பேன். விமானி உட்காரும் இடத்திலும் ஒரு எச்சரிக்கை மணி உண்டு. ஏதாவது கோளாறு என்றால் சத்தமும் வரும், விளக்கும் எரியும். விமானி முதலில் செய்வது என்ன தெரியுமா, ஒரு பொத்தானை அழுத்துவார். அதற்குக் கேட்டாச்சு என்று அர்த்தம். சத்தம் நின்றுவிடும், எதில் கோளாறு என்ற விவரம் அப்படியே இருக்கும், பிறகு நிதானமாக வேலையைப் பார்ப்பார். சத்தம் மண்டையைப் பிளக்கும்போது யாராலும் யோசிக்க முடியாது, அதற்குத்தான் அந்தப் பொத்தான். உனக்கும் ஒன்று வேண்டும். விரல் தப்பியதும், நோட்டில் விடை தப்பியதும், மனசுக்குள் கேட்டாச்சு என்று சொல். இடது காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாலும் சரி. முதல் நாளிலேயே வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன், பொத்தான் புதுசு, கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கும். நான் இந்த யோசனையை டாக்டரம்மாவிடமும் சொல்லிக் காட்டினேன். தப்பில்லை, முயற்சி பண்ணட்டும் என்றார், பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பாராட்டவில்லை.

சித்தப்பா என் தோள்மேல் நின்று இதைப் படித்துவிட்டு, இரண்டாவது தடவை இல்ல, மூணாவது தடவை தோத்தேன், சரியா எழுது என்கிறார். முதல் தாளில் அந்த வரியைத் திருத்தப்போவதில்லை, இதோ இங்கே திருத்திவிட்டேன், மூன்றாவது தடவை. பார்த்தாயா, கடிதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி அந்த மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு யோசனை வருகிறது. ஒன்று, பக்கம் இல்லை என்பதே உனக்குத் தெரியாது, அந்த இடம் வரைக்கும் நீ போனதே இல்லை. இரண்டு, அங்கே போய் உறையைத் திறந்த அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது, தொலைத்துவிட்டாய் என்று அப்பா கத்துவார் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாய், இல்லாத பக்கத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகவே முதலுக்குத் திரும்புகிறாய், விழாவே வேண்டாம் என்கிறாய். இரண்டில் எது என்று நான் கேட்கப்போவதில்லை. போனிலும் கேட்க மாட்டேன், நேரில் வந்தாலும் கேட்க மாட்டேன், அம்மாவிடமும் உன்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை இரண்டாவது என்றால், இத்தனை நாள் நீ தனியாக அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாய், வயிறு வலிக்காமல் என்ன செய்யும். என் பிள்ளை ஒரு தாளைத் தொலைக்கலாம், நான் ஒரு வாஷரையே தொலைத்தவன், அதுவும் விமானத்து வாஷர். இனிமேல் தொலைந்தால் தொலைந்தது என்று சொல். என்னிடமிருந்து உனக்குக் கிடைக்கும் பதில் சரி போடு என்பதுதான், அதற்குமேல் ஒரு சத்தம் வந்தால் சித்தப்பா என் வாயைப் பொத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ரொம்ப ஆவலோடு ஒப்புக்கொண்டார்.

விழாவில் வாசிப்பதும் வாசிக்காததும் உன் முடிவு. அம்மாவும் நானும் இதில் ஒரு வழியாக ஒத்துப்போய்விட்டோம், நான் பிடித்த பிடியை விட்டுவிட்டேன். மேடை வேண்டாம் என்றால் டீச்சரிடம் அம்மா சொல்லிவிடுவாள், அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். கடைசிப் பக்கத்தை முதலில் வாசி. மெதுவாக, தப்பும் தவறுமாக, கேவலமாக வாசி. பாட்டு எப்படி முடிகிறது என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொன்னால் அது முடிவு. தெரியாமல் சொன்னால் அது பயம். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், தாளைப் பார்த்து வாசிக்க எனக்குத் தெரியாது, சித்தப்பா தன் போனில் கீபோர்டு மாதிரி ஒன்றை இறக்கித் தட்டித் தட்டிப் பார்த்தார், கதவு கிரீச்சிடுகிற மாதிரிதான் வந்தது.

சாப்பாட்டை வேகவேகமாக முழுங்காதே. ராத்திரி கதைப் புத்தகத்தைப் போர்வைக்குள் வைத்துப் படிக்காதே, விளக்கைப் போட்டே படி, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கணக்கு நோட்டில் அழிப்பதற்குப் பதிலாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது, எங்கள் வேலைத் தாளில் அழிக்கவே கூடாது, அடித்ததும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும். உன் கணக்கு டீச்சர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் பேசச் சொல். அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன், வெந்நீர் குடிக்கச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டாள். எங்கே இருந்தாலும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, பயம் வரும்போது வரட்டும் என்று விட்டு, அது போனதும் உன் வேலையைப் பார்த்துக்கொண்டு நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மறந்துவிடாதே, உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது, கடிதம் என்று நினைத்து மடித்துப் போட்டுவிடாதே, அதுதான் மூன்றாம் பக்கம். படம் எடுத்து அனுப்பியிருக்கலாம், நீதான் போன் பக்கமே வருவதில்லையே. வேலையிலிருந்து வந்து கை கழுவாமல் அதை எடுத்துவிட்டேன், கீழ் மூலையில் என் கட்டைவிரல் கிரீஸ் பட்டுவிட்டது. துடைத்தேன், பரவிவிட்டது. வேறு நகல் எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன், அப்புறம் அப்படியே வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் முதல் கறை என்னுடையது. மீதி அழுக்கெல்லாம் உன் கையால் ஆகட்டும்.

என்றும் உன்,
அப்பா